சூசைக்கை

மழை விடாமல் பெய்கிற நாட்களில் அந்த அச்சகத்தில் யாரும் யாரோடும் சரியாகப் பேசமாட்டார்கள். காகிதம் ஈரத்தைக் குடித்து நூலளவு விரிந்துகொள்ளும். அந்த நூலளவு போதும், மாதாவின் உதட்டுச் சிவப்பு உதட்டை விட்டு இறங்கித் தாடையில் போய் உட்கார்ந்துவிடும். மஞ்சள் ஓட்டி, சிவப்பு ஓட்டி, நீலம் ஏறும்போதுதான் குற்றம் கண்ணுக்குத் தெரியும். அச்சுக்காரர் இயந்திரத்தை நிறுத்தி, ஒரு தாளை உருவி, சன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடிப்பார். பிறகு உருளைகளைத் துடைக்க ஆரம்பிப்பார். அந்தத் துணி போகிற வேகத்தை மாடியிலிருந்து காதால் கேட்டே, எவ்வளவு தாள் பாழ் என்று அவர் மனைவி கணக்கிட்டுவிடுவார்.

கீழே அச்சகம், மேலே வீடு. மண்ணெண்ணெய் வாசனையும் மசி வாசனையும் படியேறி வந்து படுக்கையறை வரை குடியிருந்தன. "இந்த வீட்டுல வாக்கப்பட்ட நாள்ல இருந்து நான் நாலு கலர்லதான் மூச்சு விடறேன்" என்பார் மனைவி. சொல்லும்போது அதில் குறையைவிடப் பெருமைதான் அதிகம் தெரியும். அந்த வட்டாரத்தில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் எதிர்ச் சுவரில் அவர்கள் வீட்டுப் படம் ஒன்று இருந்தது. மாதா, இருதய ஆண்டவர், கையில் பாலனை ஏந்திய அந்தோனியார். வேதப் புத்தகம் எல்லா வீட்டிலும் இருந்தாலும் அது பெட்டிக்குள் இருந்தது. படம் சுவரில் இருந்தது. எழுந்ததும் பார்ப்பது, படுக்கும்முன் பார்ப்பது, காய்ச்சலில் கிடக்கும்போது நாள் முழுக்கப் பார்ப்பது எல்லாம் படத்தைத்தான். ஆண்டவரின் எந்த விலாவில் ஈட்டி பாய்ந்தது, மாதாவின் காலடியில் பாம்பு எந்தப் பக்கம் தலை வைத்திருந்தது என்பதையெல்லாம் சனங்கள் சத்தியம் செய்து சொன்னார்கள் என்றால், அது பிரசங்கத்தில் கேட்டதில்லை. கனவில் மாதா வந்ததாகவும் முக்காடு கரும்பச்சையாக இருந்ததாகவும் ஒருத்தி உருகி உருகிச் சொன்னபோது, அச்சுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நீலம் தீர்ந்துபோய், அடியில் கிடந்த மிச்சத்தை எல்லாம் கலந்து அவர் ஓட்டிய வருஷத்துப் படம் அது.

ஆனால் அந்த வீட்டுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது, தச்சுவேலை செய்து இயேசுவை வளர்த்த சூசையப்பர் படம்தான்.

மற்ற ஊர்ப் படங்களில் சூசையப்பர் லீலிப் பூவோடு சும்மா நிற்பார். இதில் வேலை செய்துகொண்டிருப்பார். பட்டறை மேசைமேல் பலகை, அதன்மேல் குனிந்த உடம்பு, முழங்கைவரை மடித்துவிட்ட சட்டை. இழைப்புளியின் பிடி அவருடைய இடக்கையில் இருந்தது. வலக்கை அதன் மூக்கைச் சும்மா அழுத்திக்கொண்டிருந்தது. எதிரே பாலன் இயேசு ஒரு கையை நீட்டியபடி நிற்கிறார். அதுவும் இடக்கை. மேலே வலது மூலையில், விளக்கோ சன்னலோ இல்லாத இடத்தில், மஞ்சளாக ஒரு ஒளி. கீழே இடது மூலையில், தரையில் விழுந்து சுருண்டு கிடக்கிற ஒரு மரச்சீவல்.

இந்த ஒவ்வொன்றுக்கும் அந்த வட்டாரத்தில் ஒரு விளக்கம் இருந்தது. பாலன் ஆசீர்வதிக்கவில்லை, அப்பாவிடம் உளியைக் கேட்கிறார். மூலையில் தெரியும் ஒளி, ஓவியர் வரைந்ததே இல்லை. அவர் அழுதுகொண்டே தூங்கிவிட, காலையில் தானாக வந்திருந்தது. பிள்ளைகளை முதன்முதலில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போதும், வேலைக்கு அனுப்பும்போதும், அந்தச் சுருண்ட சீவல்மேல் விரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்ற வைப்பார்கள். கை வேலைக்குப் பழகும் என்று நம்பிக்கை. எல்லாவற்றுக்கும் மேலாக, சூசையப்பர் இடக்கைக்காரர். இதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. வேறு இடங்களில் பிள்ளை இடக்கையால் கரண்டியைப் பிடித்தால் கையில் அடி விழும். இங்கே பெற்றவர்கள் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். "எங்களுக்கும் ஒரு சூசைக்கை பொறந்திருக்கு."

அந்தப் பட்டத்தை முதலில் வாங்கியவர் அச்சுக்காரரின் அக்கா. அறுபது தாண்டிய பிறகும் தெருவுக்கு அவர் சூசைக்கை அக்காதான். கணவர் அதே அச்சகத்தில் பைண்டராக இருந்து இறந்தவர். அவர் போன பிறகும் அக்கா வேலையை விடவில்லை. படங்களை அட்டையில் ஒட்டுவது, விளிம்பு வெட்டுவது, மூலைகளைச் சீவி உருட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. கத்தரிக்கோலைத் தொடமாட்டார். அது வலக்கைக்காரர்கள் தங்களுக்காகச் செய்துகொண்டது என்பார். இரும்புச் சட்டத்தை வலக்கையால் அழுத்திப் பிடித்து, இடக்கையில் கத்தியை வைத்து ஒரே இழுப்பு. தாளுக்கே தெரியாது. அவருடைய மேசை ஒரு பெரிய சுண்ணாம்புக் கல். செங்கல் அடுக்கி அதன்மேல் கிடத்தியது. கல்லில் படம் வரைந்து அதிலிருந்து தாளில் எடுத்த கல் அச்சுக் காலத்து மிச்சம். மற்றக் கற்களையெல்லாம், அச்சகத்தைத் தொடங்கிய அவர்கள் அப்பா விற்றுவிட்டார். இதை மட்டும் முகம் கீழே இருக்கும்படி கவிழ்த்துப் போட்டு வைத்திருந்தார்.

அந்த மழைக்காலத்தில் புதிய கோவில் கட்டி முடிந்திருந்தது. பீடத்துக்குப் பக்கத்துச் சுவரில் மாட்ட, ஆள் உயரத்துக்குச் சூசையப்பர் படம் வேண்டும் என்று பங்குச் சாமியார் சொல்லியனுப்பினார். வீட்டுக்கு ஒன்று கொடுக்கச் சின்னப் படமும் வேண்டும். அச்சுக்காரரின் மகன்தான் பெரிய படத்துக்கான வேலையை எடுத்துக்கொண்டான். வடிவமைப்பு படித்தவன். துணியில் அச்சடிக்கிற அகலமான இயந்திரத்தை வாங்கி வைத்து, அப்பாவின் மசிக் கைகள் அதன் பக்கம் வராமல் காவல் காத்துக்கொண்டிருந்தான்.

அவன் வீட்டிலிருந்ததிலேயே பழைய பிரதியை எடுத்துக் கணினியில் ஏற்றி, கறைகளையும் பூச்சி அரித்த இடங்களையும் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு வந்தான். மதியம் மூன்று மணி வாக்கில் மாடியிலிருந்து குரல் கொடுத்தான்.

"அப்பா, கொஞ்சம் மேல வாங்க. கையைக் கழுவிட்டு வாங்க."

அச்சுக்காரர் கழுவாமலே ஏறினார். திரையில் அந்த மரச்சீவல் ஒரு தட்டு அளவுக்குப் பெரிதாகி நின்றது.

"இது என்ன தெரியுதா?"

"சீவல்."

மகன் ஒரு விசையைத் தட்டினான். படம் இடவலமாகத் திரும்பியது. சீவல் திரும்பியது. சீவலே இல்லை அது. சுழித்து, ஒன்றுக்குள் ஒன்று மாட்டிப் போட்ட இரண்டு எழுத்துகள். அச்சகத்தின் பழைய பெயர்ப்பலகையிலும், அச்சுக்காரருடைய அப்பாவின் கருவிப் பெட்டியிலும், அவருடைய குடைப் பிடியிலும் இருந்த அதே இரண்டு எழுத்துகள்.

அச்சுக்காரர் மகனின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். புதிய நாற்காலியில் கறுப்பு மசி அப்பியது. மகன் அதைப் பார்த்தும் திரையைத்தான் காட்டினான்.

"தாத்தா கையெழுத்துப்பா. தாத்தாதான் வரைஞ்சிருக்காரு. கல்லுல நேரா வரைஞ்சுட்டாரு, அச்சுல தலைகீழா... இல்ல, இடவலமாத் திரும்பிடுச்சு. அதான் இடக்கை. நிஜத்துல சூசையப்பர் வலக்கைதான்."

"கல்லுல திருப்பி வரையணும்னு அவருக்குத் தெரியாதாடா?"

"நீங்கதானே சொல்லுவீங்க, அவரு வேலை பாத்த எடத்துல அதுக்குன்னு இருக்கற தனித் தாள்ல வரைஞ்சு கல்லுக்கு மாத்துவாங்கன்னு. அங்க ரெண்டு தடவை திரும்பிச் சரியா வந்துரும். சொந்தமா அச்சகம் வெச்சதும் அந்தத் தாள் வாங்க வழியில்லாம நேரா கல்லுலயே வரைஞ்சிருப்பாரு. பழக்கதோஷம்."

அச்சுக்காரர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமாக அவர் மென்று விழுங்கிய ஒன்று இருந்தது. அந்தப் படம் கப்பலில் வந்தது என்று சனங்கள் சொல்லும். பெரிய குருமடத்தில் இருந்த வெளிநாட்டு ஓவியர் வரைந்தது என்று சொல்லும். ஒரு வீட்டுக்காரர் அவரிடமே, அவர் அச்சடித்த படத்தைக் காட்டி, "இந்த மாதிரி வரைய நம்ம பக்கம் ஆள் ஏது" என்று சொன்னார். எங்க அப்பா என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆதாரம் கேட்டால் என்ன காட்டுவது? அப்பாவே வாயைத் திறந்ததில்லை. கேட்டால் சிரிப்பார்.

"திருப்பியே போடு" என்றார். "அப்படியே பெருசாப் போடு. பேரு தெளிவாத் தெரியணும்."

மறுநாள் கடை திறக்கும்போதே தச்சர் வந்துவிட்டார். பெரிய படத்துக்குச் சட்டம் செய்பவர் அவர்தான். கக்கத்தில் ஒரு பலகைத் துண்டு, தலைக்குமேல் கிழிந்த குடை. குடையை மடக்கி வாசலில் உதறினார்.

"அண்ணே, ஊருக்குள்ள ஒரு பேச்சு ஓடுது. சூசையப்பரு கை மாத்திக்கிட்டாராமே."

"யாரு சொன்னா?"

"உங்க பையன் கோவில் கமிட்டிக்காரருக்குப் போன்ல அனுப்பினானாம். அவரு டீக்கடையில காட்டினாரு. இனிமே யாரு மிச்சம்?"

கல் மேசைக்குப் பின்னால் அக்கா விளிம்பு வெட்டிக்கொண்டிருந்தார். கத்தி நிற்கவில்லை.

"அது எங்கப்பா வரைஞ்ச படம்யா" என்றார் அச்சுக்காரர். "கையெழுத்தே இருக்கு. வா, காட்டறேன்."

"பாத்தேன். ரொம்பச் சந்தோசம். இவ்வளவு நாளா யாரோ வெள்ளைக்காரனுக்குப் போன கும்பிடுல பாதி இனிமே உங்க வீட்டுக்கு வரட்டும். ஆனா கையை மாத்தாதீங்க."

"மாத்தல. சரி பண்றோம். அளவு அதே அளவுதானே? எந்தக் கையா இருந்தா உன் சட்டத்துக்கு என்ன?"

தச்சர் பலகைத் துண்டைச் சுவரில் சாய்த்து வைத்தார். இடக்கைக் கட்டைவிரலில் நகமே பலகைநிறமாக இருந்தது.

"சின்ன வயசுல பட்டறையில என்னைச் சேத்துக்க மாட்டேன்னாங்க அண்ணே. பக்கத்துல நிக்கறவனுக்கு இடிப்பே, கருவி உனக்கு ஒத்துவராதுன்னாங்க. எங்கம்மா வீட்டுக்குப் போயி, உங்க படத்தை ஆணியில இருந்து கழட்டி, மார்ல அணைச்சுத் தூக்கிட்டு வந்து மேஸ்திரி முன்னால நிறுத்துனாங்க. 'இந்தாளு வேலை கேட்டு வந்தா இவரையும் இப்படித்தான் விரட்டுவியா'ன்னு கேட்டாங்க. மேஸ்திரி தலைத்துண்டை அவுத்துட்டாரு. அன்னையில இருந்து நான் உளி பிடிக்கறேன்." பலகையைத் திரும்ப எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "அவரைத் திருப்பினா நான் சட்டம் போடமாட்டேன். வலக்கைக்காரன் எவனாவது இருப்பான், பாருங்க. மூலை சேருதான்னு மட்டும் பாத்து வாங்குங்க."

போகும்போது கல் மேசைப் பக்கம் திரும்பினார். "வரேன் அக்கா."

"ம். குடையைத் தைச்சுக்கோ" என்றார் அக்கா.

பகல் சாப்பாட்டுக்கு முன்பு சாமியார் வந்தார். பங்குக்குப் புதிது. நிதானமானவர், நடக்கும்போது எல்லாவற்றையும் உற்றுப் பார்க்கிறவர். மகன் இரண்டு மாதிரிப் படங்களையும் அருகருகே விரித்துவைத்தான். சாமியார் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"தொழிலாளி எந்தக் கையால இழைச்சாலும் பலகை வழவழன்னுதான் ஆகும். எனக்கு அதுல ஒண்ணுமில்ல" என்றார். "பாலன் கைதான் உறுத்துது. இடக்கையால யாரும் ஆசீர்வாதம் குடுக்கறதில்ல."

தேநீரோடு வந்த அச்சுக்காரரின் மனைவி, "அவரு ஆசீர்வாதம் பண்ணல ஃபாதர். உளி கேக்கறாரு" என்றார்.

"அப்படின்னு யாரு சொன்னா?"

"எல்லாரும்."

சாமியார் சிரித்தார். மறுபடி குனிந்து பார்த்தார். சிரிப்பு மெல்ல யோசனையானது. "உளி கேக்கற மாதிரிதான் இருக்கு" என்று ஒத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார். "பாருங்க, ஒரு படம் இங்க இத்தனை பேருக்கு மறைக்கல்வி நடத்தியிருக்கு. நான் வந்து ஒரு நாள்ல மாத்த விரும்பல. தப்பான அச்சைத் தெரிஞ்சே சுவர்ல மாட்டவும் மனசு வரல. வரைஞ்சவரு என்ன நெனச்சாரோ அதை மாட்டுவோம். அவர் பிள்ளைங்க நீங்கதான் இருக்கீங்க. நாளைக்குச் சொல்லுங்க."

அச்சுக்காரருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அப்பா நினைத்தது கல்லில் வரைந்தது. கல்லில் வரைந்தது வலக்கை. கையெழுத்தும் நேராக வரும். சாமியார் வாயாலேயே முடிந்துவிட்டது.

சாப்பிடும்போது அவர் கஞ்சியைக் கரண்டியால் அள்ளியபடி பேசிக்கொண்டே போனார். கீழே ஒரு சின்னத் தகடு அடிக்கலாம், அப்பா பெயர், அச்சகத்தின் பெயர். அக்கா இடக்கையில் கரண்டியைப் பிடித்து, அவசரமில்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நீ ஒண்ணும் சொல்லலியே அக்கா."

"நீ கேக்கலியே."

"அப்பா பேரு கோவில் சுவர்ல ஏறணும்னு உனக்கு ஆசையில்லையா?"

"இருக்கு."

"அப்புறம் ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?" அவர் குரல் உயர்ந்தது. "தச்சன் பேசினதைக் கேட்டேல்ல. அவனுக்கு அவன் கை. உனக்கு உன் கை. அப்பா கையைப் பத்தி யாருக்கும் அக்கறையில்ல. அவரு பேரில்லாமலே போயிட்டாரு அக்கா."

மனைவி தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். மகன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான்.

அக்கா கரண்டியைத் தட்டில் வைத்தார். "ஏம்மா, அந்த உப்பை எடு" என்றார் தம்பி மனைவியிடம். உப்பைப் போட்டுக்கொண்டார், கலக்கினார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில என் மேசையைக் காலி பண்ணிக் குடுங்க. நாலு பேரும் வேணும். தனியாத் தூக்க முடியாது."

காலையில் மழை விட்டிருந்தது. சன்னல் வழியாக வெயில் நேராக வந்து விழுந்தது. இயந்திரத்துக்கு நல்ல நாள். ஆனால் அச்சுக்காரர் அதை ஓட்டவில்லை. கல்மேல் இருந்த பசைக் கிண்ணம், கத்திகள், அட்டைக் கட்டு எல்லாவற்றையும் அக்கா எடுத்து ஓரமாக வைத்தார். மகன் பழைய சாக்குகளைத் தரையில் விரித்தான். மூலைக்கு ஒருவராகப் பிடித்து, ஒரு விளிம்பில் நிறுத்தி, மூச்சுப் பிடித்து மறுபக்கம் சாய்த்தார்கள். "விரல், விரல்" என்று மனைவி சொல்லிக்கொண்டே இருந்தார். கல் சாக்கில் படிந்ததும் எல்லோரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்கள்.

அக்கா ஈரத் துணியால் துடைத்தார். தூசு போனதும் சாம்பல் நிறக் கல்லில் மங்கலாக, ஆனால் முழுதாக, சூசையப்பர் எழுந்து வந்தார். வலக்கையில் இழைப்புளி. கீழே வலது மூலையில் அந்த இரண்டு எழுத்துகள், நேராக.

"நான் சொன்னேன்ல" என்றான் மகன், மெதுவாக.

அச்சுக்காரர் மண்டியிட்டு அந்த எழுத்துகளைத் தொட்டார். அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்து மேலே கொண்டுபோனார். "அது உனக்குத் தெரிஞ்சது. இங்க தொட்டுப் பாரு."

கல்லின் மேல் இடது மூலை. அச்சில் ஒளி விழுகிற இடம். அச்சுக்காரரின் கட்டைவிரல் அங்கே போனதும் நின்றது. மற்ற இடம் கண்ணாடிபோல் இருக்க, அங்கே மட்டும் லேசான பள்ளம். சொரசொரப்பு. சுற்றிச் சுற்றிப் போன கீறல்கள். கல்லை மணல் போட்டுத் தேய்ப்பதைப் பிள்ளையாக இருந்தபோது பார்த்தவர் அவர். விரலுக்கு உடனே தெரிந்தது.

"தேய்ச்சிருக்காரு."

"ஆரம்பிச்சாரு" என்றார் அக்கா. "நிறுத்திட்டாரு."

அவர் அட்டைக் கட்டின்மேல் உட்கார்ந்துகொண்டார். எப்போதும் பேசுகிற அதே குரலில்தான் சொன்னார்.

"நீ அப்ப கைக்குழந்தை. எனக்கு ஆறோ ஏழோ. அம்மா என் இடக்கையைத் துணியால இடுப்போட கட்டிருவாங்க. சாப்பிடும்போது கட்டு, எழுதும்போது கட்டு. ஊரே அப்படித்தானே இருந்தது, அம்மாவைச் சொல்லி என்ன? அப்பா முதல் தாளை உருவிப் பாத்தாரு. பாத்த ஒடனே மூலையில அவரு பேரு தெரிஞ்சுபோச்சு. திரும்பிக்கிட்டு நிக்குது. 'கெட்டுது போ, மொதல்ல இருந்து'ன்னாரு. மணலை எடுத்துப் போட்டாரு. தண்ணி ஊத்தறது என் வேலை. ஒத்தைக் கையால செம்பைச் சாய்ச்சு ஊத்திக்கிட்டே அந்தத் தாளைப் பாத்தேன். மூலையில நாலு சுத்து தேய்ச்சிருப்பாரு. நான் கேட்டேன், 'அப்பா, இவருக்கு மட்டும் யாரும் கட்டலையா?'"

இயந்திரத்தின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. கூரையில் தங்கிய மழை.

"அவரு தேய்க்கற கல்லைக் கீழ வெச்சுட்டாரு. என்னையும் பாக்கறாரு, படத்தையும் பாக்கறாரு. அப்புறம் வந்து முடிச்சை அவுத்தாரு. எறுகிப்போன முடிச்சு. பல்லால கடிச்சு அவுத்தாரு. அம்மாவைக் கூப்பிட்டு, 'இனிமே இவளுக்குக் கட்டாதே. சூசையப்பருக்கே இதான் கை'ன்னாரு. அம்மா படத்தைப் பாத்துட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாங்க. அப்புறம் அடிச்ச தாள்லெல்லாம் தேய்ச்ச மூலை மொட்டையாத் தெரியுதேன்னு அந்த எடத்துல மஞ்சள் தீட்டினதும் அம்மாதான். அப்ப நெறமெல்லாம் கையாலதானே தீட்டறது."

"அந்த ஒளி..." என்றார் மனைவி.

"அம்மா பூசின மஞ்சள்."

மகன் கல்லின் மூலையைத் தன் விரலாலும் தொட்டுப் பார்த்தான்.

"ஏன் அக்கா இவ்வளவு நாளா சொல்லலை?" என்று கேட்டார் அச்சுக்காரர்.

"வெளிநாட்டுப் படம்னு ஊரு சொல்லும்போது அவரு சிரிச்சாரு. அவருக்கே அது போதும்னா நான் எதுக்குப் பேசணும்? தப்பான அச்சுன்னு தெரிஞ்சா நாளைக்கு எவனாவது இன்னொரு பொண்ணு கையைக் கட்டுவான்." அக்கா எழுந்து துணியைப் பிழிந்தார். "அவருக்கு ரெண்டு வழி இருந்தது தம்பி. கல்லைத் தேய்ச்சா அவரு பேரு நேரா வரும், என் கை கட்டுலயே இருக்கும். பேரை அப்படியே திரும்பிக் கெடக்கட்டும்னு விட்டாரு. என் கையைத் திருப்பல. பேரில்லாமப் போயிட்டாருன்னு நேத்து நீ சொன்ன. போகல. குடுத்துட்டுப் போனாரு."

அச்சுக்காரர் மண்டியிட்ட நிலையிலேயே இருந்தார். மகன் கைகொடுத்தான். அவர் அதைப் பிடிக்காமல் கல்லை ஊன்றியே எழுந்தார்.

"வரைஞ்சவரு நெனச்சது எதுவோ அதைத்தானே ஃபாதர் கேட்டாரு" என்றார் மகனிடம். "பழையபடியே போடு. அந்த மூலையைத் துடைச்சு வெச்சிருக்கியே, கறைன்னு. அதையும் திரும்பக் கொண்டு வா. ஒரு கீறல் போகக்கூடாது."

"தகடு?"

"வேண்டாம்."

சாமியார் வந்தபோது கல் இன்னும் நிமிர்ந்துதான் கிடந்தது. அச்சுக்காரர் நடந்ததைச் சொன்னார். அக்காவைச் சொல்லச் சொல்லியிருக்கலாம், ஆனால் அக்கா அட்டை ஒட்டத் தற்காலிகமாக ஒரு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, அது ஆடுகிறது என்று எல்லோரையும் ஏசிக்கொண்டிருந்தார். சாமியார் மூலைப் பள்ளத்தைத் தொட்டார். எழுந்து நின்று கைக்குட்டையால் விரலைத் துடைக்கப் போனவர், துடைக்காமல் கைக்குட்டையைப் பைக்குள் வைத்தார்.

"சரி. இதையே மாட்டுவோம்" என்றார். "பாலன் உளியே கேக்கட்டும்."

படம் ஏறிய நாளில் வெயில் பளீரென்று இருந்தது. தச்சர் போட்ட சட்டத்தின் நான்கு மூலைகளிலும் நகம் நுழைய இடமில்லை. பெரிய துணியில் சூசையப்பர் ஆள் உயரத்துக்குக் குனிந்து நின்று இழைத்தார். தச்சர் ஏணியில் நின்று கடைசி ஆணியை இடக்கையால் அடித்துவிட்டு, இறங்கும்போது கோவிலைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். எவனாவது ஏதாவது சொல்லட்டும் என்பதுபோல.

பூசை முடிந்ததும் சனம் வரிசையாக வந்தது. படம் தாழ்வாகத்தான் மாட்டப்பட்டிருந்தது. சீவல் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. தையற்காரி ஒருத்தி வந்து விரலை வைத்துச் சுற்றினாள். கொத்தனார் சுற்றினார். பிள்ளைகளைத் தூக்கிப் பிடித்துச் சுற்ற வைத்தார்கள். கடைசி பெஞ்சுக்குப் பின்னால் அக்காவோடு நின்ற அச்சுக்காரர் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு விரலும் ஒரே வழியில் போனது. மேலிருந்து சுழித்து, உள்ளே நுழைந்து, அடியில் வளைந்து வெளியே.

"அக்கா."

"என்ன?"

"எல்லாரும் அப்பா பேரை எழுதறாங்க."

"இப்பத்தான் தெரியுதா உனக்கு? நான் எத்தனை வருஷமாப் பாத்துக்கிட்டிருக்கேன்."

வரிசை குறைந்ததும் அச்சுக்காரர் தாமே படத்துக்கு முன்னால் போய் நின்றார். தம் வாழ்நாளில் அவர் அந்தச் சீவலைத் தொட்டதில்லை. அச்சடிக்கிறவன் அச்சடித்ததைக் கும்பிடுவது ஒருமாதிரி என்று விலகியே இருந்தவர். சட்டையில் வலக்கை விரலைத் துடைத்துக்கொண்டு சுழியின் தொடக்கத்தில் வைத்தார். பாதியில் விரல் தடுமாறி நின்றது. எழுதிப் பழகிய கைக்கு, திரும்பி நிற்கிற எழுத்து வழிவிடவில்லை.

பின்னால் அக்கா வந்து நின்றிருந்தார்.

"அதுல வராது" என்றார். தம்பியின் இடக்கையைப் பிடித்துத் தூக்கி, சீவலின்மேல் வைத்தார். "இதுல எழுது."